அருகம்புல்லும் பருத்திக்கொட்டையும் – மினி கோல்ஃப் வந்த கதை

ஆறுமுகநேரிக்கும் காயல்பட்டினத்துக்கும் நடுவில் இருக்கிறது சாகுபுரம். ஒரு பக்கம் ரசாயன ஆலை, மறு பக்கம் கண்ணைக் கூச வைக்கும் உப்பளம். இந்த இடத்தில் கோல்ஃப் மைதானம் போடலாமா என்று யாராவது கேட்டால், கேட்டவரைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். 18 குழிகள் உள்ள முழு மைதானத்துக்கு 100 முதல் 200 ஏக்கர் வரை நிலம் வேண்டும். வெயில் காலத்தில் தினமும் பல லட்சம் லிட்டர் நல்ல தண்ணீர் வேண்டும். உப்புக்காற்று அடிக்கும் ஊரில் குடத்துத் தண்ணீருக்கே தாமிரபரணியை நம்பி இருக்கும்போது, புல்லுக்கு எங்கே போவது?

(ஆனாலும் கோல்ஃப் பந்துக்கும் சாகுபுரத்துக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு. பந்தின் பளிச்சென்ற வெள்ளை நிறத்துக்குக் காரணம் டைட்டானியம் டையாக்சைடு என்ற நிறமி. அதற்கு மூலப்பொருளான செயற்கை ரூட்டைலை, கடற்கரைத் தாது மணலான இல்மனைட்டில் இருந்து பிரித்தெடுத்த ஆலை சாகுபுரத்து ஆலை. பந்து வேண்டுமானால் இங்கே இல்லாமல் இருக்கலாம், பந்தின் வெள்ளை இங்கே இருந்தது!)

விஷயத்துக்கு வருவோம். கோல்ஃபில் சரிபாதி ஆட்டத்துக்கு 200 ஏக்கர் தேவையே இல்லை. ஒரு சாதாரண மைதானத்தில் 18 குழிகளையும் 72 அடிகளில் முடிக்க வேண்டும் என்பது கணக்கு. அதில் ஒவ்வொரு குழிக்கும் இரண்டு அடி, குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரையில் பந்தை உருட்டுவதற்கு என்று ஒதுக்கியிருக்கிறார்கள். ஆக 36 அடி. அதாவது பாதி ஆட்டம் உருட்டல்தான். இந்த உருட்டலுக்குப் பெயர் பட்டிங். அந்தத் தரைக்குப் பெயர் கிரீன். உருட்டும் மட்டைக்குப் பெயர் பட்டர் (வெண்ணெய் இல்லை). இதற்குப் புஜபலம் வேண்டாம், பெரிய நிலம் வேண்டாம். கோலிக்குண்டு ஆடிய எவருக்கும் இதன் சூட்சுமம் பாதி தெரியும்.

அதனாலோ என்னவோ, பட்டிங் பழகும் தரைகளின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் அங்கே பெரிய மைதானத்தின் எஜமானர்களை விட, அந்த மைதானத்துக்குள் விடப்படாதவர்கள்தான் அதிகம் தென்படுகிறார்கள்.

முதல் கதை ஸ்காட்லாந்தில். கோல்ஃபின் தாய்வீடு என்று சொல்லப்படும் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் 1867ல் பெண்களுக்கென்று ஒரு பட்டிங் கிளப் தொடங்கப்பட்டது. ஏன் பட்டிங் மட்டும்? பெண்கள் மட்டையைத் தோளுக்கு மேலே ஓங்கி அடிப்பது அடக்கமான செயல் அல்ல என்று அந்தக் காலத்து ஆண்கள் நினைத்தார்கள். உருட்டினால் பரவாயில்லையாம்! அதற்கு முன்பு சில பெண்கள் மைதானத்து எடுபிடிப் பையன்கள் பொழுதுபோக்காக ஆடிவந்த சிறு புல்தரையில் போய் ஆடிக்கொண்டிருந்தார்கள். அது கௌரவக் குறைச்சல் என்று பேச்சு வரவே, மேடும் பள்ளமுமாகக் கிடந்த ஒரு துண்டு நிலம் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. புகழ்பெற்ற மைதான நிபுணரான ஓல்டு டாம் மோரிஸ் அதைச் சீர்செய்து கொடுத்தார். அந்த மேடுபள்ளங்களைப் பார்த்து அதற்கு வந்த பெயர் என்ன தெரியுமா? ஹிமாலயாஸ்! நம் இமயமலைதான். இன்றைக்கும் அந்தத் தரை இருக்கிறது. கிளப் உறுப்பினர் அல்லாத யாரும் சில பவுண்டு கொடுத்து, குழந்தை குட்டிகளோடு போய் ஆடலாம். பக்கத்திலேயே இருக்கும் ராயல் அண்ட் ஏன்ஷியண்ட் கிளப் பெண்களை உறுப்பினராகச் சேர்க்க ஒப்புக்கொண்டது 2014 செப்டம்பரில். கணக்குப் போட்டால் 147 வருடம்.

இந்த விளையாட்டு இந்தியாவுக்கு வந்தது அதற்கும் முன்னால். 1829ல் கல்கத்தாவில் தொடங்கிய கோல்ஃப் கிளப்தான் பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகில் மிகப் பழையது. பின்னாளில் ராயல் கல்கத்தா என்று பெயர் பெற்றது. தூத்துக்குடிக்குக் கடல் வழியில் மிக அருகில் இருந்த மைதானம் என்றால் கொழும்புதான். 1879ல் அங்கே கிளப் தொடங்கி, கடலோரத்துக் காலிமுகத்திடலில் ஆடினார்கள். திடலில் கூட்டம் அதிகமானதால் 1896ல் ரிட்ஜ்வே என்ற இடத்துக்கு மாறிப் போனார்கள். 1906ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி தூத்துக்குடி – கொழும்பு பாதையில் வெள்ளைக்காரக் கம்பெனியோடு மல்லுக்கு நின்றபோது, அந்தக் கரையில் இறங்கிய துரைமார்களில் எத்தனை பேர் மட்டைப் பையோடு இறங்கினார்களோ!

தமிழ்நாட்டில் கோல்ஃப் முதலில் வேரூன்றியது மெட்ராஸிலும் மலைகளிலும். கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தின் ஓடுபாதைக்கு உள்ளே ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம். ஊட்டியில் வென்லாக் டவுன்ஸ். கொடைக்கானலில் 1895ல் ஒரு கிளப். மலைகளில் பிரச்சினை இல்லை, குளிரும் மழையும் புல்லைப் பார்த்துக்கொண்டன. ஆனால் சமவெளியில்? சித்திரை வெயிலில் வயலே வெடித்துக் கிடக்கும்போது, கம்பளம் மாதிரி புல் எப்படி நிற்கும்?

அதற்கு இந்தியாவில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கிரீனுக்குப் பதில் பிரவுன்! மணலைச் சலித்து, அதில் எண்ணெய் கலந்து, வட்டமாகப் பரப்பி, உருளையால் அழுத்திவிடுவது. எண்ணெய் இருப்பதால் மணல் காற்றில் பறக்காது, பந்தும் ஓரளவு ஒழுங்காக உருளும். ஒரே ஒரு தொல்லை. நடந்தால் கால் தடம் விழும், பந்து ஓடினால் கோடு விழும். அதனால் ஒவ்வொரு கோஷ்டி ஆடி முடித்ததும் ஒரு ஆள் கோணிச் சாக்கையோ பலகையையோ இழுத்துத் தரையைச் சமப்படுத்த வேண்டும். ராணுவ முகாம்கள், ரயில்வே காலனிகள், தோட்டத் துரைமார் கிளப்கள் என்று தண்ணீர் இல்லாத இடங்களில் எல்லாம் வெகுகாலம் இந்தப் பிரவுன்கள்தான் இருந்தன. துரை உருட்டுவார், சாக்கை இழுப்பது வேறொருவர் வேலை.

அந்த வேறொருவர்தான் கேடி. (மட்டைப் பையைத் தூக்கி வருபவருக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர். தமிழில் கேடி என்றால் போலீஸ் ஸ்டேஷன் போர்டில் போட்டோ இருப்பவர். பாவம், அவர்களுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை.) கேடிகள் மைதானத்துக்குப் பக்கத்துக் குடிசைகளில் இருந்து வந்த ஏழைப் பையன்கள். பல கிளப்களில் வாரத்தில் ஒரு நாள், அதுவும் மைதானத்துக்கு விடுமுறை விடும் நாளில்தான் அவர்கள் மட்டையைத் தொட முடியும். மற்ற நாட்களில் அவர்களுக்குக் கிடைத்தது ஒதுக்குப்புறமான ஒரு துண்டுத் தரை, ஒரு குழி, யாரோ தூக்கிப் போட்ட ஒரு மட்டை. நீளமாக அடிக்க இடம் கிடையாது, உருட்ட இடம் உண்டு. அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் என்ன ஆனார்கள்? டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991ல் இந்தியன் ஓபன் பட்டத்தை வென்றார். 1964ல் தொடங்கிய அந்தப் போட்டியில் அதற்கு முன் ஜெயித்த ஒரே இந்தியர் 1965ல் பி.ஜி. சேத்தி, அவர் தொழில்முறை ஆட்டக்காரர் அல்ல. ராயல் கல்கத்தாவில் புல் பராமரிக்கும் வேலை பார்த்தவரின் மகன் எஸ்.எஸ்.பி. சௌராசியா, 2008ல் டெல்லியில் நடந்த இந்தியன் மாஸ்டர்ஸில் உலகப் புகழ் ஆட்டக்காரர்களைத் தாண்டி முதலிடம் வந்தார். பிறகு 2016, 2017 என்று அடுத்தடுத்து இரண்டு இந்தியன் ஓபன். முதல் அடியில் நீளமாக அடிப்பவர் அல்ல சௌராசியா. குழிக்குப் பக்கத்தில் வந்துவிட்டால்தான் அவர் யார் என்று தெரியும்.

இனி கொஞ்சம் அமெரிக்கா. மினி கோல்ஃப் கதை அங்கேதான் சூடு பிடிக்கிறது, அதுவும் வணிகவியல் பாடப் புத்தகத்தில் வைக்கலாம் போன்ற கதை.

1916ல் வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்ட் ஊரில் ஜேம்ஸ் பார்பர் என்ற கப்பல் கம்பெனி முதலாளி தன் பங்களாத் தோட்டத்தில் ஒரு குட்டி மைதானம் போட ஆரம்பித்தார். அதற்கு அவர் வைத்த பெயரைச் சேர்த்துப் படித்தால் "இதுவே போதும்" என்று ஆங்கிலத்தில் அர்த்தம் வரும். ஆனால் புல் பராமரிப்பு பணக்காரருக்கு மட்டுமே கட்டுப்படியாகும். வியாபாரத்துக்குத் தேவைப்பட்டது புல் இல்லாத புல்தரை. அதைக் கண்டுபிடித்தவர் தாமஸ் ஃபேர்பேர்ன். மெக்சிகோவில் பருத்தித் தோட்டம் வைத்திருந்தவர், கோல்ஃப் பைத்தியம். அவருடைய வறண்ட மண்ணில் புல் முளைக்கவில்லை. பருத்தி ஆலையில் மலை மாதிரிக் குவிந்து கிடந்த பருத்திக்கொட்டைத் தொலியை எடுத்து, மணலும் எண்ணெயும் கலந்து, பச்சைச் சாயம் போட்டு அழுத்திப் பார்த்தார், 1922ல். பந்து அருமையாக உருண்டது. நம்மூர்ப் பிரவுனையே பச்சையாக்கிக் காப்புரிமை வாங்கிவிட்டார் என்று சொன்னால் தப்பில்லை!

கரிசல்காட்டில் பருத்திக்கொட்டை மாட்டுக்குப் போகும், பாலாகி மதுரைத் தெருக்களில் டம்ளரில் வரும். வ.உ.சி. 1908ல் வேலைநிறுத்தம் நடத்திய தூத்துக்குடி கோரல் மில்லைச் சுற்றிலும் பருத்தி வியாபாரம் ஓஹோ என்று நடந்தது. மூலப்பொருள் கண்ணெதிரே கிடந்தும், அதை விளையாட்டாக விற்கலாம் என்று தோன்றியது இன்னொரு கண்டத்து ஆளுக்கு.

ஃபேர்பேர்னின் கலவை வந்தபின் நியூயார்க்கில் 1926 வாக்கில் மாடிகளில் மினி கோல்ஃப் தொடங்கினார்கள். சில வருடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட மொட்டை மாடிகளில் பந்து உருண்டது. 1927ல் லுக்அவுட் மலையில் ஹோட்டல் நடத்திய கார்னெட் கார்ட்டரும் அவர் மனைவி ஃப்ரீடாவும் விருந்தாளிகளுக்காக ஒரு குட்டி மைதானம் போட்டார்கள். பெரிய மைதானம் தயாராகும்வரை பொழுதுபோகட்டும் என்று செய்த ஏற்பாடு. ஃப்ரீடா அதில் குட்டிச்சாத்தான் பொம்மைகள், பொந்துள்ள மரக்கட்டைகள் என்று அலங்காரம் செய்தார். கூட்டம் அள்ளியது. கார்ட்டர் அதற்கு டாம் தம்ப் என்று பெயர் வைத்து, தயார்நிலைத் துண்டுகளாகச் செய்து, நாடு முழுக்க உரிமம் விற்றார். தரைக்கான கலவைக்கு ஃபேர்பேர்னின் காப்புரிமையைப் பயன்படுத்த வேண்டியிருந்தது.

அடுத்து நடந்ததுதான் விசேஷம். 1929 அக்டோபரில் பங்குச்சந்தை விழுந்தது. ஊரெல்லாம் வேலை இல்லை. சினிமாவுக்குப் போகக் காசில்லாதவர்கள் சில்லறைக் காசு கொடுத்து மினி கோல்ஃப் ஆடினார்கள். காலி மனை வைத்திருந்த ஒவ்வொருவரும் ஒரு மைதானம் போட்டார்கள். 1930 ஆகஸ்டில் அமெரிக்க வணிகத் துறை போட்ட மதிப்பீடு: நாட்டில் 25,000 மைதானங்கள், அதில் பாதிக்கு மேல் அந்த ஜனவரிக்குப் பிறகு வந்தவை, போட்ட முதலீடு சுமார் 12.5 கோடி டாலர். மந்தநிலையின் முதல் வருடத்தில்! இரவு முழுக்க விளக்கு எரிந்தது. அக்கம்பக்கத்தார் தூக்கம் கெட்டுப் புகார் கொடுத்தார்கள். சினிமாக் கம்பெனிகள் தங்கள் நட்சத்திரங்கள் மினி கோல்ஃப் ஆடுமிடத்தில் தலைகாட்டுவதை விரும்பவில்லை.

1931க்குள் எல்லாம் சரிந்தது. காரணம் சிக்கலானது அல்ல. நுழைவுச் செலவு குறைவான தொழிலில் எல்லோரும் நுழைவார்கள். தெருவுக்கு நான்கு மைதானம் என்றால் யாருக்கும் லாபம் இல்லை. இங்கே ஈமு கோழிக்கும் தேக்கு மரத் திட்டத்துக்கும் நடந்தது போலத்தான். ஒரே வித்தியாசம், மினி கோல்ஃபில் பணம் போட்டவன் ஒரு வருடமாவது பந்து உருட்டி மகிழ்ந்தான். கார்ட்டர் நேரத்தோடு தன் பங்கை விற்று வெளியேறி, அதே மலையில் ராக் சிட்டி என்ற பாறைத் தோட்டத்தை 1932ல் திறந்தார். அது இன்றும் ஓடுகிறது.

பிழைத்து நின்ற மினி கோல்ஃப் 1954ல் இரண்டு இடங்களில் ஒழுங்குக்கு வந்தது. அமெரிக்காவில் டான் கிளேட்டன் பொம்மை, ராட்டினம் எல்லாவற்றையும் தூக்கி எறிந்து, திறமைக்கு மட்டும் இடம் தரும் பட்-பட் மைதானங்களைத் தொடங்கினார். அதே வருடம் சுவிட்சர்லாந்தின் அஸ்கோனாவில் பால் பாங்னி என்பவர் ஒவ்வொரு குழியும் எந்த ஊரிலும் ஒரே அளவில் இருக்கும் மைதானத்தைத் திறந்தார். ஐரோப்பாவில் அது போட்டி விளையாட்டாகவே வளர்ந்தது. இந்தியாவில் 2023ல் கோவாவில் நடந்த 37வது தேசிய விளையாட்டுப் போட்டிகளில் மினி கோல்ஃபுக்கும் பதக்கம் கொடுத்தார்கள்.

இதற்கிடையில் உண்மையான புல்லுக்கும் வெயிலைத் தாங்கும் விடை கிடைத்திருந்தது. உலகத்தின் வெப்பப் பகுதி கிரீன்களில் பெரும்பாலானவை பெர்முடா புல் வகை. பெர்முடா என்றதும் ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லேதான்! ஜார்ஜியா மாநிலத்தின் டிஃப்டன் ஆராய்ச்சி நிலையத்தில் க்ளென் பர்ட்டன் என்ற விஞ்ஞானி, ஒரு கோல்ஃப் கிரீனில் கிடைத்த நுண்ணிய அருகம்புல்லை ஆப்பிரிக்கப் புல் ஒன்றோடு ஒட்டுச் சேர்த்து 1956ல் டிஃப்கிரீன் என்ற ரகத்தை வெளியிட்டார். அது விதை விடாது. தண்டைக் கிள்ளி நட்டால் படரும், ஒட்ட வெட்டினாலும் சாகாது. பிரவுன்கள் மெல்ல மெல்லக் கிரீன்களாக மாற இப்படிப்பட்ட ரகங்கள் கை கொடுத்தன.

பர்ட்டனின் இன்னொரு வேலை தென் மாவட்டத்துக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. அவர் உருவாக்கிய ஆண்மலட்டுக் கம்பு ரகம் டிஃப்ட் 23ஏ. அதைத் தாய் வரிசையாக வைத்து 1965ல் லூதியானாவில் வெளியானதுதான் இந்தியாவின் முதல் வீரியக் கலப்பினக் கம்பு, எச்பி-1. விளைச்சல் எகிறியது. எழுபதுகளின் தொடக்கத்தில் அடிச்சாம்பல் நோய் வந்து அந்த ரகம் அடிபட்டது, பிறகு வேறு ரகங்கள் வந்தன. கனவான்கள் பந்து உருட்டும் புல்லும், மானாவாரிக் காட்டில் கம்பங்கூழுக்கு விளையும் தானியமும் ஒரே ஆளின் நாற்றங்காலில் இருந்து கிளம்பியவை!

சரி, தரை கிடைத்துவிட்டது. எப்படிப் பழகுவது? குழியின் குறுக்களவு நான்கே கால் அங்குலம். 1829ல் ஸ்காட்லாந்தின் மஸல்பரோவில் செய்த குழி தோண்டும் கருவியின் அளவு அது, 1891ல் சட்டமானது. கிட்டத்தட்ட ஒரு தேங்காய்ச் சிரட்டை அளவு. அமெரிக்காவின் முதல்தரத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் மூன்று அடி தூரத்தில் இருந்து நூற்றுக்கு 96 தடவை போடுகிறார்கள். எட்டு அடிக்குப் போனால் 50. இருபது அடி என்றால் வெறும் 15. உலகத்திலேயே சிறந்தவர்கள் எட்டு அடியில் பூவா தலையா நிலையில்தான் இருக்கிறார்கள் என்பது பழகுகிறவனுக்கு எவ்வளவு ஆறுதல்! கொலம்பியா பல்கலைக்கழக வணிகப் பள்ளிப் பேராசிரியர் மார்க் பிராடி இந்தக் கணக்குகளை எல்லாம் அலசி 2014ல் ஒரு புத்தகமே போட்டார். சிறந்த ஆட்டக்காரர் மற்றவர்களை விட முன்னிலை பெறுவதில் பட்டிங்கின் பங்கு சுமார் 15 சதவீதம்தான், ஆனால் ஒருவர் போட்டியை ஜெயிக்கும் வாரத்தில் அது 35 சதவீதம் வரை ஏறுகிறது என்பது அவர் கண்டது. "பட்டிங்தான் எல்லாம்" என்ற பழைய நம்பிக்கைக்கு இது அடி, "பட்டிங் ஒன்றுமில்லை" என்பவர்களுக்கும் அடி.

பழகும் முறைகள் எளிமையானவை. இரண்டு நாணயங்களைப் பந்து மட்டும் நுழையும் இடைவெளியில் வைத்து அதன் வழியே உருட்டுவது திசைக்கு. ஐந்து, பத்து, பதினைந்து அடிகளில் கோடு போட்டு, ஒவ்வொன்றிலும் பந்தை நிறுத்திப் பார்ப்பது வேகத்துக்கு. தொடக்கத்தில் எல்லோரும் திசையைத்தான் கவனிப்பார்கள். ஆனால் நீண்ட உருட்டலில் கெடுப்பது வேகம்தான். திசை ஒரு சாண் தப்பும், வேகம் நாலு முழம் தப்பும். இதற்குப் பத்துப் பன்னிரண்டு சென்ட் இருந்தால் ஒரு முழு அளவு கிரீனே போட்டுவிடலாம். மொட்டை மாடியில் பிளாஸ்டிக் புல்விரிப்பு போட்டாலும் பாதகமில்லை.

பெரிய மைதானத்தின் கணக்கு வேறு மாதிரி. கிண்டியில் 160.86 ஏக்கர் அரசு நிலம் 1945ல் இருந்து 99 வருடக் குத்தகைக்கு மெட்ராஸ் ரேஸ் கிளப்பிடம் இருந்தது. ஆண்டு வாடகை 614 ரூபாய் 13 காசு! வாடகை பாக்கி என்று அரசு சொன்ன தொகை 730 கோடியைத் தாண்டியது. 2024 செப்டம்பரில் தமிழக அரசு குத்தகையை ரத்து செய்து நிலத்தை எடுத்துக்கொண்டது. வழக்குகள் ஒரு பக்கம் நடக்க, வேளச்சேரி வெள்ளத்தைக் குறைக்க அங்கே குளங்கள் வெட்டப்பட்டன. குதிரை ஓடிய வட்டத்துக்கு நடுவில் பந்து பறந்த இடத்தில் மழைத்தண்ணீர் நிற்பதைக் கோல்ஃப் ரசிகர்கள் வருத்தத்தோடு பார்த்திருக்கலாம். வேளச்சேரியில் கட்டிலுக்கு மேல் கட்டில் போட்டு உட்கார்ந்தவர்கள் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

டோக்கியோ ஒலிம்பிக்ஸ் 2021ல் நடந்தபோது கோல்ஃப் என்றால் என்னவென்றே தெரியாத லட்சக்கணக்கான இந்தியர்கள் ஒரு சனிக்கிழமை காலை டிவி முன் உட்கார்ந்தார்கள். பெங்களூருவைச் சேர்ந்த 23 வயது அதிதி அசோக், பதக்க வரிசையில் இருந்தார். கோல்ஃப் குடும்பம் இல்லை, ஐந்து வயதில் ஆடத் தொடங்கியவர். அந்த வருடம் கொரோனா வந்து உடல் பலம் குறைந்திருந்தது. முதல் அடி போகும் தூரத்தில் 60 பேரில் கடைசி வரிசை, பட்டிங்கில் முதல் வரிசை. மட்டைப் பையைத் தூக்கி வந்த கேடி அவருடைய அம்மா மகேஸ்வரி. நான்கு நாள், 72 குழி. கடைசிக் குழியில் ஒரு அடியை மிச்சம் பிடித்தால் இரண்டாம், மூன்றாம் இடக்காரர்களோடு சமநிலைக்கு வந்து பதக்கத்துக்கான கூடுதல் ஆட்டத்தில் இருக்கலாம். அதிதி உருட்டிய பந்து குழியில் விழவில்லை. தங்கம் வென்ற நெல்லி கோர்டா 17 அடி குறைவு, வெள்ளியும் வெண்கலமும் வாங்கிய மோனே இனாமி, லிடியா கோ இருவரும் 16, அதிதி 15. நான்காவது இடம்.